ரஹ்மத் படகின் தண்டு

தங்கராஜுவின் காது ஒரே நாளில் போய்விடவில்லை. பினாங் தீவுக்கு எதிரே, பிறைக் கரையில் இருந்த ஒரு கப்பல் பட்டறையில் பதினைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். கொதிகலனுக்கு வெளியே நிற்பவன் காய்ச்சிய ஆணியைச் சுத்தியலால் அறைவான். உள்ளே குந்தியிருக்கும் ஆள், கனத்த இரும்புக் கட்டையை அந்த ஆணியின் மறுமுனையில் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே குந்தியிருந்த ஆள் தங்கராஜு. பதினேழு வருஷம் அந்த வேலை. முதலில் குருவிச் சத்தம் கேட்காமல் போயிற்று. அப்புறம் பெண்கள் பேசுவது. 1916-இல் ஒரு சாயங்காலம், பட்டறைச் சங்கு ஊதிய பிறகும் நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தவரை மேஸ்திரி தோளில் தட்டி வெளியே அழைத்தார். எல்லாமே போய்விட்டது என்று அன்றுதான் அவருக்கே உறைத்தது.

காதோடு சேர்ந்து குரலும் அவர் பிடியைவிட்டுப் போயிற்று. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுவார். கேட்பவர்கள் திடுக்கிட்டுப் பின்வாங்குவார்கள். மனைவி புஷ்பவள்ளி மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, குரல் ஏறும்போதெல்லாம் மணிக்கட்டை லேசாக அழுத்துவாள். அவர் தணித்துக்கொள்வார். சுங்கை பினாங்கில் பலகை வீடு ஒன்றில் இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லை.

1918-இல் விஷக்காய்ச்சல் ஊருக்குள் வந்து அவளையும் பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் புஷ்பவள்ளி பாயில் படுத்திருந்தாள். தங்கராஜு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்ததை நிழல் அசைந்ததால்தான் பார்த்தார். திரும்பினால், புஷ்பவள்ளி பாதி எழுந்த வாக்கில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கண் அவர் முதுகு இருந்த திசையிலேயே நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். பிறகு தன் வாயைக் காட்டி, அவரைக் காட்டி, மூன்று விரலை நீட்டினாள்.

புஷ்பவள்ளி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் வீட்டைக் காலி செய்தார். சூலியா தெருவில் கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீனுக்கு ஒரு நீராவிப் படகு இருந்தது. 'ரஹ்மத்' என்று பெயர். வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து கோலக்கெடாவுக்கு ஆட்களும் அரிசி மூட்டைகளும் கோழிக்கூடைகளும் ஏற்றிப் போய்வரும். அதில் இஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலை தங்கராஜுவுக்குக் கிடைத்தது. இஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி இஞ்சின் டிரைவர் யூசுப்புக்குத் தெரியாது. ஆனால் மேலே படகோட்டும் செராங் மணி அடித்துத்தான் 'முன்னே', 'நிறுத்து', 'பின்னே' என்று உத்தரவு கொடுப்பார். மணி கேட்காதவர் டிரைவர் ஆக முடியாது. தங்கராஜு அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இஞ்சின் அறை மூலையிலேயே ஒரு பாயை விரித்துக்கொண்டார். பேசுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். சில நாட்களில் காலையிலிருந்து படுக்கப்போகும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராது. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

எட்டு வருஷம் இப்படிப் போயிற்று.

1926-இல் நோன்பு மாசம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பயணத்தில், எண்ணெய்க்குப்பியோடு பின்பக்கம் போனவரின் உள்ளங்காலில் ஏதோ தட்டுப்பட்டது. இஞ்சினின் அதிர்வு அவருக்குப் பழக்கமானது. இது வேறு. தரைப்பலகைக்கு அடியில் நீளமான இரும்புத் தண்டு ஓடி, படகின் வாலில் இருக்கும் விசிறியைச் சுற்றுகிறது. அந்தத் தண்டு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எதன்மேலோ குதித்து விழுந்துகொண்டிருந்தது. மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் பலகைமேல் வைத்தார். பின்னால் போகப் போக உதை கூடியது. தண்டு படகைவிட்டு வெளியே போகும் இடத்தில், குழாய்க்குள் அதைத் தாங்கிப் பிடிக்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று புரிந்தது.

வாரம் முழுக்கக் கவனித்தார். உதை வளர்ந்தது. அடித்தட்டில் சேரும் தண்ணீரும் கூடியது. ஒரு நாள் யூசுப்பின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் கொண்டுபோனார்.

"தண்டு ஆடுது, யூசுப்பு! பின்னால புஷ் தேஞ்சிருச்சு! உதைக்குது பாரு!"

மேல்தட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பயணிகளுக்கும் அது கேட்டது. ஒரு கிழவி எழுந்து நின்று படகு உடைந்துவிட்டதா என்று கேட்டாள். செராங் சீனி முகம்மது வேர்த்து விறுவிறுத்துக் கீழே இறங்கிவந்தார்.

"என்னய்யா கூச்சல் இது? என்னவாம் இவருக்கு?"

"தண்டுல என்னமோ சத்தம் வருதாம், செராங்," என்றான் யூசுப்.

"சத்தமா? இவருக்கா?" சீனி முகம்மது மேலே நின்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டுக்குங்க-லா! செவிட்டு மனுசனுக்குச் சத்தம் கேட்டிருச்சாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். யூசுப்பும் சிரித்தான். அந்தச் சொற்கள் தங்கராஜுவுக்குக் கேட்கவில்லை, ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை வாய்கள் திறப்பதைப் பார்த்தார். எண்ணெய்க்குப்பியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

அவர் அதோடு விடவில்லை. மாதம் ஒரு முறை அடிப்பாசி சுரண்டுவதற்காக ரஹ்மத்தைச் சுங்கை பினாங் ஆற்றுவாயில் சேற்றில் உட்கார வைப்பார்கள். தண்ணீர் வடிந்ததும் தங்கராஜு இடுப்புவரை சேற்றில் இறங்கி விசிறிப் பக்கம் போனார். ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரிச் சீவி வைத்திருந்தார். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, மேல்பக்கத்தில் அதைச் செருகினார். தலைமுடி நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். ஆப்பு தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இறுகிய இடத்தில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே எடுத்தார். அந்த இடத்தில் கனம் கால் அங்குலத்துக்கு மேல் இருந்தது.

மறுநாள் காலை சூலியா தெருக் கடையில் ஷேக் அலாவுதீனின் மேசைமேல் அந்த ஆப்பை வைத்தார். கத்திவிடுவோமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. முதலாளி ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கராஜு பென்சிலை எடுத்து, கிடந்த காகிதத்தில் படகின் வாலையும் தண்டையும் வரைந்து, இடைவெளி இருந்த இடத்தில் வட்டம் போட்டார். முதலாளிக்கு முகம் மாறியது. செராங்கைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

"படகுல தண்ணி ஏறுதா, இல்லையா?"

சீனி முகம்மது தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் ஏறுதுதான், முதலாளி. பழைய படகு-லா. ஏறாம இருக்குமா?"

"ஒரு பயணத்துக்கு எத்தன வாளி எறைக்கிறீங்க?"

சீனி முகம்மது மேசைமேல் இருந்த ஆப்பைப் பார்த்தார்.

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு நடுக்கடல்ல தண்டு முறிஞ்சா என்ன செய்வே? நோன்பு பதினஞ்சுல பௌர்ணமி. தண்ணி பெருசா வரும். அன்னிக்கு மேட்டுல ஏத்திருங்க. பெருநாளைக்கு ரெண்டு நாள் முந்திப் படகு கடல்ல நிக்கணும். ஜனங்க ஊருக்குப் போவணும்." பிறகு முதலாளி அதையே காகிதத்தில் எழுதி, 'முடியுமா?' என்று கீழே கோடிட்டுத் தங்கராஜுவிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவர் தலையாட்டினார்.

பௌர்ணமி வெள்ளத்தில் ஏற்றிய படகு அமாவாசை வெள்ளத்தில்தான் திரும்ப மிதக்கும். இடையில் இருப்பது பன்னிரண்டு பதின்மூன்று நாள். தவறவிட்டால் இன்னும் அரை மாதம் காத்திருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் பக்கம் ஆற்றோரத்தில் ஆ லியோங் என்ற சீனத் தச்சருக்கு ஒரு சிலிப் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கும் மரத் தண்டவாளம், படகை இழுக்க ஒரு கைராட்டினம், ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை, அவ்வளவுதான். அங்கே ரஹ்மத்தை இழுத்து ஏற்றினார்கள். செராங்கும் மற்றவர்களும் வீட்டுக்குப் போய்விட, தங்கராஜு மட்டும் தங்கினார். இரண்டு நாளில் அவரும் ஆ லியோங்கும் விசிறியைக் கழற்றி, தண்டை உருவி, பித்தளைப் புஷ்ஷை வெளியே இழுத்துவிட்டார்கள். உள்ளே வரிசையாகப் பதித்திருந்த மரப்பட்டைகள் அடிப்பக்கத்தில் காகிதம் போலத் தேய்ந்திருந்தன.

அந்தப் பட்டைகளுக்கு எல்லா மரமும் ஆகாது. லிக்னம் என்று ஒரு மரம் உண்டு. கல் மாதிரி கனக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அதற்குள்ளேயே மெழுகு போன்ற பிசின் இருப்பதால் கடல் தண்ணீர் பட்டாலே வழுக்கும், எண்ணெய் வேண்டாம். முதலாளி ஊர் முழுக்க ஆள் விட்டுத் தேடினார். இருந்த சரக்கெல்லாம் வேறு கப்பல்களுக்குச் சொல்லிவைத்தது. சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் காலை, கொட்டகைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஆ லியோங் முட்டுக்கொடுத்திருந்த ஒரு பழைய மரப்பந்து தங்கராஜுவின் காலில் இடித்தது. குனிந்து தூக்கினார். பூசணிக்காய் அளவுதான், ஆனால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. நகத்தால் சுரண்டினார். பச்சையும் பழுப்புமாக மெழுகு நகத்தில் ஒட்டியது. பந்தோடு ஓடிப்போய் ஆ லியோங்கின் முன்னால் நின்று, எங்கே கிடைத்தது என்று கையால் கேட்டார்.

நார்த்தாம் ரோட்டில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று. அங்கே கட்டைகளை நிறுத்திப் பந்தை உருட்டி அடிக்கும் ஆட்டம் ஒரு காலத்தில் இருந்தது. ரப்பர் பந்து வந்ததும் மரப்பந்துகளைக் கழித்துவிட்டார்கள். ஆ லியோங் அவரைப் பின்பக்க வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரமாகப் பூப்பாத்தி. பாத்தியைச் சுற்றி, பாதி மண்ணில் புதைந்து, சுண்ணாம்பு அடித்த பதினாலு பந்துகள்.

தோட்டக்காரர் பழனியப்பன் மண்வெட்டியோடு வந்தார். "யாருய்யா நீங்க? என்ன வேணும்?"

தங்கராஜு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களத்தான் கேக்குறேன். காது கேக்கலையா?"

அந்தக் கடைசி வார்த்தை எந்த வாயில் வந்தாலும் தங்கராஜுவுக்குப் புரியும். "கேக்காது, அண்ணே!" என்றார். "இந்தப் பந்து வேணும்! படகுக்கு!"

கூரைமேல் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. பழனியப்பன் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தாத குறை. "யோவ், யோவ்! தொரை உள்ள தூங்குறாரு-லா! என் வேலைக்கு ஒல வெச்சிராதே!" மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். பிறகு பந்தை, ஆ லியோங்கை, சேறு காய்ந்த தங்கராஜுவின் கால்களைப் பார்த்தார். விரலால் பந்தைத் தொட்டு, ஒரு கல்லைத் தொட்டு, இதற்கு அது என்று காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் சுண்ணாம்பு அடித்த பதினாலு ஆற்றுக் கற்கள் கைவண்டியில் கிளப்புக்குப் போயின. பதினாலு பந்துகள் சிலிப்புக்கு வந்தன. செயலாளர் துரையிடம் பழனியப்பன் கேட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

வேலை தொடங்கியது. மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தங்கராஜு கோடு கிழிப்பார். ஆ லியோங் அறுப்பார். பந்து சிறியது என்பதால் ஒரே நீளப் பட்டை கிடைக்கவில்லை. இரண்டு இரண்டாக முனையோடு முனை சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. அறுத்த பட்டைகளைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஊதியதும் அரத்தால் ராவி, பித்தளைக்குள் ஒவ்வொன்றாக இறுக்கினார். பட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால் விட்டார். பிறகு வெட்டும் அலகு பொருத்திய இரும்புக்கம்பியைப் புஷ்ஷுக்குள் நிறுத்தி, கையால் சுற்றிச் சுற்றி உள்வட்டத்தைக் குடைந்தார். ஒரு சுற்றுக்கு மாவு போலக் கொஞ்சம் உதிரும். இப்படி ஐந்து நாள்.

ஆ லியோங் வாய் ஓயாமல் பேசுபவர். அறுக்கும்போதும் பேசுவார், கஞ்சி குடிக்கும்போதும் பேசுவார். தங்கராஜு செவிடு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சீனம் புரிந்திருக்கப் போவதில்லை. சிலிப்பில் எப்போதும் சுத்தியலும் ரம்பமும் ஓடிக்கொண்டிருந்ததால், தங்கராஜு பதிலுக்குப் பேசினாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. முதலில் வேலையைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொன்னார். பிறகு பிறைப் பட்டறையைப் பற்றி. எட்டு வருஷமாகச் சேர்ந்திருந்தது வெளியே வந்துகொண்டிருந்தது.

ஒரு மத்தியானம், கம்பியைச் சுற்றிக்கொண்டே, புஷ்பவள்ளியைப் பற்றிச் சொன்னார்.

"கஞ்சி அடிப்பிடிச்சிரும்னு கிண்டிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்திருக்கணும். ஒரு தடவ திரும்பியிருந்தா போதும். மூணு தடவ கூப்பிட்டிருக்கா. தண்ணிக்குக் கூப்பிட்டாளா, என்ன சொல்லக் கூப்பிட்டா, எனக்குத் தெரியாது. நான் செத்தாலும் தெரியப்போறதில்ல."

அவர் கை கம்பியை நிறுத்திவிட்டது. ஆ லியோங் பேச்சை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், இரண்டு கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒரு பலகைமேல் உட்கார்ந்து குடித்தார்கள்.

படகின் மறுபக்கத்தில் யூசுப் நின்றுகொண்டிருந்தான். வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்த்துவர முதலாளி அனுப்பியிருந்தார். நோன்பு வாயோடு வெயிலில் நடந்து வந்தவன், நிழலுக்காகப் படகோரம் ஒதுங்கியிருந்தான். ஒரு சொல் விடாமல் அத்தனையும் அவன் காதில் விழுந்தது. தங்கராஜுவுக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். எட்டு வருஷம் ஒரே இஞ்சின் அறை. அவன் முன்னால் வரவில்லை. வந்த வழியே திரும்பிப்போய், வேலை நன்றாக நடக்கிறது என்று முதலாளியிடம் சொன்னான்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், காலை வெள்ளத்தில் ரஹ்மத் இறங்கியது. முதல் பயணத்திலேயே ஊருக்குப் போகும் கூட்டம். இடுப்பில் புதுச் சாரங்களும் கையில் பலகாரத் தூக்குகளுமாகத் தட்டு நிறைந்திருந்தது. மூடுபனியில்லாத நல்ல வெயில். தங்கராஜு பின்பக்கம் போய், தண்டு ஓடும் பலகைமேல் உள்ளங்கையை வைத்தார். ஒரே சீரான நடுக்கம். உதை இல்லை. அடித்தட்டில் எட்டிப் பார்த்தார். துணி நனையும் அளவுதான் தண்ணீர்.

"பட்டு மாதிரி ஓடுது-லா!" என்று சீனி முகம்மது மேலேயிருந்து கத்தினார். "அந்தச் சீனன் கை வேல அப்படி!"

யூசுப்புக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. தங்கராஜுவின் பக்கம் திரும்பினான். ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் அன்றைக்குக் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்து, பார்வையைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது உண்மை. முன்பு போலத் தோளில் தட்டிக் கூப்பிடுவதும் இல்லை. குற்ற உணர்ச்சியில் ஒதுங்கினான். தங்கராஜுவுக்கு அது இன்னொரு ஆள் விலகிப்போனதாகத்தான் தெரிந்தது.

பெருநாள் முடிந்து ஷேக் அலாவுதீன் அவரைக் கூப்பிட்டு, புதுச் சாரம் ஒன்றைக் கையில் கொடுத்தார். படகில் இனி எண்ணெய் விட வேண்டாம், கரையில் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு கொட்டகை தருகிறேன், தேய்ந்த உருப்படிகளை அங்கே கொண்டுவரச் சொல்கிறேன், ஊரில் இருக்கும் மற்ற படகுகளின் வேலையையும் பார்க்கலாம் என்று எழுதிக் காட்டினார். அது பதவி உயர்வுதான். தங்கராஜு ஒப்புக்கொண்டார். கொட்டகையில் அவர் ஒருவர்தான்.

ஒரு மாதம் கழித்து ஜெலுத்தோங்குக்கு நடந்தார். சிலிப் இருந்த இடத்தில் வேலி போட்டிருந்தார்கள். நிலத்துக்காரர் அங்கே கிட்டங்கி கட்டுவதற்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். கூலிகளிடம் ஆ லியோங் எங்கே என்று கேட்டார். அவர்கள் நிறையச் சொன்னார்கள். ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

அவர் அங்கே போய்வந்தது யூசுப் காதுக்கு எட்டியது. யூசுப் துறையில் நாலு பேரிடம் விசாரித்தான். ஒரு வாரம் கழித்து, தங்கராஜு வேலைசெய்யும் பலகைமேல் ஒரு சீட்டை வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். 'தச்சர் ஆ லியோங் கோலக்கெடாவில் இருக்கிறார். மீன்படகு கட்டும் இடம். வெள்ளிக்கிழமை என்னோடு வரலாம்.'

ரஹ்மத்தில் தங்கராஜு பயணியாகப் போனது அதுதான் முதல் தடவை. மேல்தட்டில் கோழிக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். கோலக்கெடாவில் ஆற்றோரமாகத் தேடிக்கொண்டே போய், மூன்றாவது பட்டறையில் ஆ லியோங்கைக் கண்டார். அவர் உரக்கச் சிரித்து, இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அங்கே வேறு நாலு தச்சர்கள் இருந்தார்கள். ஆ லியோங் இழைத்துக்கொண்டே அவர்களிடம் பேசினார். அதே மாதிரி, வாய் ஓயாமல், கையை ஆட்டி ஆட்டி. ஒருவன் பதில் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். ஆ லியோங் அவ்வப்போது தங்கராஜுவின் பக்கமும் திரும்பி ஏதாவது சொன்னார்.

தங்கராஜுவுக்குக் கோபம் வரவில்லை. இந்த மனுஷன் எல்லாரோடும் இப்படித்தான் என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். சொல்ல நினைத்து வந்தது எதையும் சொல்லவில்லை. ஒரு நீளப் பலகையை வளைத்துப் பொருத்த ஆள் தேவைப்பட்டபோது எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஆணி இறங்கும்வரை அசையாமல் பிடித்திருந்தார். நாலு மணிப் படகுக்கு நேரமானதும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். ஆ லியோங் ஒரு பொட்டலத்தில் கருவாடு கட்டிக்கொடுத்தார்.

வெல்ட் கீயில் இறங்கும்போது யூசுப் இஞ்சின் அறை வாசலில் நின்று, பார்த்தீர்களா என்று சைகையால் கேட்டான். தங்கராஜு தலையசைத்தார். யூசுப் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் மேலே மணி அடித்துவிட்டது. உள்ளே திரும்பிப் போனான்.

தங்கராஜு கூட்டம் இறங்கித் தீரும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு கருவாட்டுப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு சூலியா தெரு வழியாகக் கொட்டகைக்கு நடந்தார். வேறு படகுக்காரர் ஒருவர் தேய்ந்த புஷ் ஒன்றை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தூக்கி உள்ளே வைத்தார். அரிசியைக் கழுவி உலையில் போட்டார்.